இரும்புக்குள் இரும்பு நுழையுமா?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)

சென்ற ஆண்டு நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் எங்கள் குழுவினர் மலை ரயில் எஞ்சினின் மாதிரி ஒன்றை வைத்திருந்தது பலருக்கு நினைவிருக்கும். அது ஓடவில்லை என்பதும் நினைவிருக்கும்! அடிச்சட்டமும் சக்கரங்களும் ஒருத்தி, நடுவில் வரும் பற்சக்கரம் நான், மேலே படுத்திருக்கும் கொதிகலன் மூன்றாமவள் என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, அவரவர் வீட்டில் அட்டையில் செய்து எடுத்து வந்தோம். தனித்தனியே பார்த்தால் மூன்றும் அழகுதான். கண்காட்சியன்று காலையில் கோத்துப் பார்த்தபோதுதான், என் பற்சக்கரம் கொதிகலனின் வயிற்றுக்குள் அரை அங்குலம் நுழைந்தால் ஒழிய நிற்காது என்று தெரிந்தது. வேறு வழியின்றிக் கொதிகலனைக் கத்தரிக்கோலால் வெட்டினோம். பெற்றோர் வந்து பார்த்தபோது எங்கள் எஞ்சின் வயிற்றில் ஓட்டையோடு நின்றது.

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நிஜ மெஷினிலும் இதுதான் கண்ணு நடக்கும். அங்கே கத்தரிக்கோல் கிடையாது, அரம்தான்" என்றார். அன்று பிறந்த ஆவலே இந்தக் கட்டுரை.

இரு பொருள்கள் ஒரே சமயத்தில் ஒரே இடத்தை அடைத்துக்கொள்ள இயலாது என்பதை நாம் கீழ்வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆனால் காகிதத்தில் இயலும். கம்ப்யூட்டர் திரையிலும் இயலும். ஒரு இரும்புத் தண்டை இன்னொரு இரும்புக் கட்டியின் நடுவே வரைந்து வைத்தால் திரை ஆட்சேபிப்பதில்லை. எதிர்ப்பெல்லாம் பட்டறையில், உண்மை இரும்பு வந்த பிறகுதான்.

நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்வோம். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கிய இந்த ரயில், 1908 செப்டம்பரில் நம் பெர்ன்ஹில் வரையும், மறுமாதம் ஊட்டி வரையும் நீண்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ஏற்றம் மிகக் கடுமை. ஆகவே இரு தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் இரண்டு பக்கம் பக்கமாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் இவற்றைக் கவ்விக்கொண்டு ஏறுகின்றன. (பெர்ன்ஹில்லில் அந்தச் சட்டத்தைத் தேடாதீர்கள், இந்தப் பகுதிக்கு அது தேவைப்படவில்லை.) சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்ட 'எக்ஸ்' வகை எஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு. இரண்டு சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும், மற்ற இரண்டு பற்சக்கரங்களைச் சுழற்றும். தண்டவாளங்களின் இடைவெளியோ ஒரே மீட்டர். அந்த இடுக்கில் அச்சுகள், பற்சக்கரங்கள், பிரேக்குகள் என்று அத்தனையும் ஒன்றையொன்று இடிக்காமல் அமைய வேண்டும். நூறாண்டுக்கு முன்பு இதைக் காகிதமும் பென்சிலும் கொண்டு யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. அதே வகையில் புதிய எஞ்சின்களை 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம்மவர்களே செய்திருக்கிறார்கள்.

காகிதக் காலத்தில் பெரிய இயந்திரங்களுக்கு முதலில் மரத்தாலோ தகரத்தாலோ முழு அளவு மாதிரி செய்து, எது எதை இடிக்கிறது என்று பார்ப்பார்கள். அமெரிக்காவின் போயிங் நிறுவனம் 777 விமானத்தை வடிவமைத்தபோது, பிரெஞ்சு நாட்டில் உருவான 'கேட்டியா' என்ற மென்பொருளில் விமானம் முழுவதையும் வரைந்து, உறுப்புகளைத் திரையிலேயே கோத்துச் சோதித்தது. 1994 ஜூன் 12 அன்று அது முதன்முதலாகப் பறந்தது.

சரி, இடிப்பதைக் கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதற்குக் கண் இல்லை. கணக்கு மட்டுமே உண்டு. 100 உறுப்புகள் இருந்தால் அவற்றை இரண்டிரண்டாக எடுக்க 4,950 ஜோடிகள். 1,000 உறுப்புகள் என்றால் 4,99,500 ஜோடிகள்! எல்லாவற்றையும் நுணுக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். ஆகவே முதலில் ஒவ்வோர் உறுப்பையும் ஒரு பெட்டிக்குள் வைத்ததாகக் கற்பனை செய்துகொள்கிறது. ஒரு பெட்டி நீளவாக்கில் 0-விலிருந்து 40 வரையும், மற்றது 50-லிருந்து 90 வரையும் இருந்தால் அவை தொடவே முடியாது. உயரத்தையும் அகலத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இப்படிப் பெரும்பாலான ஜோடிகள் கழிந்துவிடும்.

பெட்டிகள் இடித்தால் உறுப்புகளும் இடிக்கின்றன என்று பொருளல்ல. மோதிரமும் விரலும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன, இடிப்பதில்லையே! எனவே மிஞ்சிய ஜோடிகளின் மேற்பரப்பைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பிரித்து, எந்த முக்கோணம் எதை வெட்டுகிறது என்று கணக்கிடுகிறது. இதிலும் ஒரு தந்திரம் வேண்டும். ஒரு சிறு போல்ட், பெரிய வார்ப்பு ஒன்றினுள் முழுவதுமாக மூழ்கிக் கிடந்தால் மேற்பரப்புகள் ஒன்றையொன்று வெட்டாது. அப்போது போல்ட்டிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து நேர்கோடு ஒன்றை வெளியே செலுத்தி, அது வார்ப்பின் மேற்பரப்பை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணுவார்கள். ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. நோட்டில் ஒரு வளைந்த கோட்டை வரைந்து நீங்களே சோதித்துப் பாருங்கள். எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது.

இவ்வளவும் செய்து கம்ப்யூட்டர் ஒரு பட்டியலைத் தரும். அதிலுள்ளவை எல்லாம் பிழைகளா? இல்லை. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுவதைத் தாத்தா பாட்டியர் பார்த்திருப்பார்கள். பட்டையின் உள்ளளவு மரச் சக்கரத்தைவிடச் சற்றுக் குறைவு. நெருப்பில் காய்ச்சினால் விரியும், மாட்டியபின் தண்ணீர் ஊற்றினால் இறுகிக் கவ்வும். நீராவி எஞ்சினின் சக்கரத்துக்கு எஃகு வளையம் மாட்டுவதும் இதே முறையில்தான். வரைபடத்தில் பார்த்தால் வளையமும் சக்கரமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். அது வேண்டுமென்றே வைத்த நுழைவு. மரையை வரையாமல், 10 மில்லிமீட்டர் போல்ட்டை வெறும் உருளையாக வரைந்தாலும் இப்படியே ஆகும். நட்டின் உள்துளை சுமார் 8.5 மில்லிமீட்டர்தான் என்பதால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு போல்ட்டுக்கும் 'இடிக்கிறது' என்று புகார் செய்யும். எது பிழை, எது நோக்கம் என்று சொல்ல ஆள் வேண்டும்.

நிற்கும்போது இடிக்காதது ஓடும்போது இடிக்கலாம். அப்பாவின் தொழிற்சாலையில் சி.டி.சி. மெஷினில் பல் வெட்டிய இரண்டு ரோலர்கள் எதிரெதிராகச் சுழல்கின்றன. ஒன்று மற்றதைவிடச் சுமார் பத்து மடங்கு வேகம். இடைவெளி அதிகமானால் இலை சரியாக நசுங்காது. பட்டுவிட்டாலோ இரண்டின் பற்களும் போயின. இத்தகையவற்றைத் திரையில் சிறிது சிறிதாகச் சுழற்றிச் சோதிக்க வேண்டும். பத்துப் பாகைக்கு ஒருமுறை பார்த்தால் நான்காம் பாகையில் நடக்கும் மோதல் கண்ணில் படாமலே போய்விடும்.

கோயமுத்தூரில் பம்ப் வரைபடம் போடும் என் சித்தப்பா இன்னொன்றைச் சொன்னார். ஒரு முறை எதுவும் எதையும் இடிக்கவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதாம். வார்ப்புகளும் வந்துவிட்டன. போல்ட்டை முடுக்கப் போனால் ஸ்பேனர் திரும்ப இடமில்லை! ஸ்பேனர் வரைபடத்தில் இல்லையே, கம்ப்யூட்டர் அதை எப்படிக் கண்டுபிடிக்கும்? அந்த வார்ப்புகளைக் கையால் அரைத்து அரைத்து இடம் செய்தார்களாம். இதைக் கேட்டதும் அப்பா தம் இடது கட்டைவிரலைக் காட்டினார். அந்தத் தழும்பை நான் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன், காரணம் அன்றுதான் கேட்டேன். கை நுழையாத இடத்தில் நட்டைப் பிடிக்கப் போய் ஸ்பேனர் நழுவியதாம். "வரையறவங்க மறந்தா கோக்கறவன் விரல்தான் கண்ணு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இவ்வாண்டு சிஸ்டரிடம் அனுமதி பெற்று, நாங்கள் மூவரும் எங்கள் எஞ்சினைக் கம்ப்யூட்டர் அறையில் வரைந்தோம். சோதித்ததில் 14 இடங்களில் இடிக்கிறது என்று வந்தது. அவற்றில் 11 வெறும் போல்ட்டுகள். இரண்டு என் பற்சக்கரத்தைச் சேர்ந்தவை. ஒன்று கொதிகலன், மற்றது பிரேக் கட்டை. மிச்சம் ஒன்று புகைபோக்கியின் அடிப்பாகம். மூன்றையும் சரிசெய்து, பெருமையோடு அச்செடுத்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு பற்சக்கரத்தின் போல்ட்டைத் தொட்டு, "இதை எந்தப் பக்கத்திலிருந்து முடுக்குவே?" என்று கேட்டார்.

மறுநாள் கொதிகலனை இன்னும் ஒரு விரற்கடை உயர்த்தி வரைந்தோம்.