சூலியா தெருவின் ஆண்டுக் கணக்கும் இசுலாமிய வரலாற்றியலும்

மலாய் மொழியில் 'தாரிக்' என்பது தேதி. 'செஜாரா' என்பது வரலாறு. இரண்டும் அரபு வழி வந்த சொற்கள். அரபில் 'தாரீக்' காலங்குறித்தலையும் வரலாற்றையும் ஒருங்கே சுட்டும். 'செஜாரா'வின் மூலமாகிய 'ஷஜரா' மரத்தையும் வமிசாவளியையும் குறிக்கும். செவ்வியல் இசுலாமியப் புலமையில் வரலாறு காலக்கணிப்போடும் மரபுத் தொடர்ச்சியோடும் பிணைந்திருந்தமையை இச்சொற்களே காட்டுகின்றன. பினாங்கு சூலியா தெருவின் தமிழ் முசுலிம் வரலாற்றை ஆராய்வோர்க்கு இத்தெளிவு இன்றியமையாதது எனக் கருதுகிறோம்.

நபிகள் நாயகம் மதீனாவுக்குக் குடிபெயர்ந்த கி.பி. 622ஐத் தொடக்கமாகக் கொண்டு ஹிஜ்ரி ஆண்டுக்கணக்கை வகுத்தவர் கலீபா உமர். தபரி (839–923) ஹிஜ்ரத்துக்குப் பிந்திய நிகழ்வுகளை ஆண்டு வரிசையில் தொகுத்து, செய்திகளை அவற்றைச் சொன்னோரின் தொடரோடு பதிந்தார். அல்-பிரூனி பல இனத்தாரின் ஆண்டு முறைகளை ஒப்பிட்டார். இந்தியா பற்றிய நூலில் யுகக் கணக்கையும் சக ஆண்டையும் விளக்கினார். இப்னு கல்தூனோ 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், சொன்னவரின் நம்பகத்தோடு, சொல்லப்பட்டது சமூக இயல்புக்கு ஒத்ததா என்பதையும் ஆராய வேண்டும் என்றார்.

இனி, சூலியா தெருவுக்கு வருவோம். அங்குள்ள நாகூர் தர்கா, நாகூரில் அடக்கமாகியுள்ள சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுந்தது. அவர்தம் நினைவு நாளையொட்டிய கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதத்திற்கு உரியது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவாதலால், விழா 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. ஆண்டு கிழிந்துபோன கந்தூரி அழைப்பிதழொன்றில் ஆங்கில மாதமும் நாளும் எஞ்சியிருப்பின், ஆண்டைச் சில எண்களுக்குள் சுருக்கிவிடலாம்.

இதை மறந்து 622ஐக் கூட்டியோ கழித்தோ ஆண்டை மாற்றுவது பெரும்பிழையாகும். அருகிலுள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் நிறுவப்பட்டது. அவ்வாண்டின் மே மாத நடுப்பகுதிவரை ஹிஜ்ரி 1215, பின்னர் 1216. 622ஐக் கழித்தால் கிடைப்பதோ 1179. ஏறத்தாழ ஒரு தலைமுறையே கணக்கில் பிறழ்ந்துவிடுகிறது. நாளும் அவ்வாறே. இசுலாமிய நாள் சூரிய மறைவில் தொடங்குவதால், தமிழ் முசுலிம் வழக்கில் 'வெள்ளி இரவு' என்பது வியாழனன்று இரவு.

ஆகவே, ஆவணத்திலுள்ள தேதியை உள்ளவாறே பதிந்து, அதன் பின்னரே ஆங்கிலத் தேதியைத் தருதல் வேண்டும். குடும்பங்களிடம் கேட்டறியும் செய்திகளையும், யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்னும் தொடரோடு குறித்தல் நலம். தபரியின் தொடரும் இப்னு கல்தூனின் ஐயமும் இத்தெருவின் வரலாற்றுக்கும் வேண்டற்பாலன.