இருக்கன்குடிக்கு நடக்கப்போறீங்களா? முதல்ல காலைப் பாருங்க!

"டாக்டரய்யா, கால்வலிக்கு நல்ல தைலமா ஒண்ணு குடுங்க. நாளைக்குச் சாயங்காலம் இருக்கன்குடிக்கு நடக்குறோம்!"

ஆடிக் கடைசி வெள்ளி நெருங்கிவிட்டால் போதும், அருப்புக்கோட்டையில் இருக்கும் என் வைத்தியசாலையில் இந்தக் குரலைத்தான் அதிகம் கேட்கலாம். கேட்பவர் தறிக்காரராக இருப்பார். வருஷம் முழுக்கத் தறியில் உட்கார்ந்தே வேலை பார்த்த கால் அது. அந்தக் காலை ஒரே ராத்திரியில் முப்பது கிலோமீட்டர் நடக்கச் சொல்கிறார்! திருச்சுழிப் பக்கத்து ஜனங்களுக்கோ இன்னும் தூரம் கூடுதல். இதற்கு நான் என்ன தைலம் கொடுக்க?

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் இருக்கிறாள் இருக்கன்குடி மாரியம்மன். 'இரு கங்கைக் குடி' என்பதே இருக்கன்குடி ஆனது என்பார்கள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடும். அக்னிச்சட்டி, ஆயிரங்கண் பானை, மாவிளக்கு என்று ஆளுக்கொரு நேர்த்திக்கடன். மஞ்சள் சேலையும் வேப்பிலையும் தெரிந்தால், "ஆத்தாளுக்குப் போறாக" என்று ரோடே வழிவிடும். நடக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நானும் நடந்தவன்தான். ஆனால் கிளம்புவதற்குத் தயாராகிற நாம், நல்லபடியாகப் போய்ச் சேருவதற்குத் தயாராகிறோமா?

அக்கா காலில் ஒரு முள்

2011-ஆம் வருஷம். பேரன் பிறந்த வேண்டுதலுக்காக என் அக்காவும் நடந்தாள். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. "செருப்பு போட்டுக்கோ அக்கா" என்றேன். "ஆத்தாளுக்கு நடக்குற காலுக்குச் செருப்பா? அவ பாத்துக்கிடுவா தம்பி, நீ பேசாம வா" என்றாள். நானும் பேசாமல் நடந்தேன்.

விடியற்காலம் கோயிலை நெருங்கி, குழாயடியில் கால் கழுவும்போதுதான் பார்த்தோம். பெருவிரலுக்கு அடியில் சீமைக்கருவேல முள் ஒன்று முறிந்து உள்ளே நிற்கிறது. சுற்றிலும் ரத்தம் உறைந்திருந்தது. எப்போது குத்தியது என்று அவளுக்கே தெரியவில்லை. வலியே இல்லை! ஊர் திரும்பியதும் மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள். மூன்றாவது வாரம் அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

நான் ஒரு மருத்துவன். ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே நடந்தேன். ஒரு தடவையாவது டார்ச் அடித்து அவள் காலைப் பார்த்தேனா? இல்லை. அந்த உறுத்தல்தான் இந்தக் கட்டுரை.

பதினைந்து நாள் இருக்கிறதா?

முதலில் ஒரு எளிய பரிசோதனை. சர்க்கரை உள்ளவரைப் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய ஆறு விரல்களின் நுனியையும் உங்கள் ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாக லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. ஒரு விநாடி தொட்டு எடுத்தால் போதும். தொட்டது தெரிந்ததும் அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், அந்தக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கிறது என்று அர்த்தம். அவர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் பயணம். வேண்டுதல் என்றால் கோயில் எல்லைக்குள் மட்டும் செருப்பைக் கழற்றிக்கொள்ளலாம். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மற்றவர்கள், விரதம் ஆரம்பிக்கிற அன்றே நடையையும் ஆரம்பியுங்கள். முதல் நாள் இரண்டு கிலோமீட்டர். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி எட்டு, பத்து வரை வரலாம். சில நாட்கள் சாயங்கால வெயிலிலும் நடந்து பாருங்கள். உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். புதுச் செருப்பை வாங்கிய அன்றே நீண்ட நடைக்குப் போடாதீர்கள், பதினைந்து நாள் பழகிய செருப்புதான் நண்பன். நகத்தை நேராக வெட்டுங்கள். குதிகால் வெடிப்புக்கு ராத்திரியில் விளக்கெண்ணெய் தடவுங்கள்.

அடக்கக் கூடாத நாலு

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த பாடங்களில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒன்று உண்டு. உடம்பு தானாகக் கேட்கிற இந்தப் பதினான்கையும் அடக்கினால் நோய் வரும் என்பது சித்தர் வாக்கு. நடைப்பயணத்தில் நாம் பக்தியின் பெயரால் அடக்குவது அதில் நாலு: நீர்வேட்கை, சிறுநீர், இளைப்பு, நித்திரை.

தாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம சீமைக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகைதான். ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வருவது வறண்ட காற்று. சித்த மருத்துவம் ஆனி, ஆடியை முதுவேனில் என்றும், வளி வளர்கிற காலம் என்றும் சொல்கிறது. இந்தக் காற்றில் வியர்வை வந்த உடனே காய்ந்துவிடும். "வேர்க்கவே இல்லையே, காத்து ஜிலுஜிலுன்னு அடிக்குது" என்று நினைத்துக்கொண்டே உடம்பின் நீரை இழக்கிறோம். ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு குடியுங்கள். வெறும் தண்ணீரே போதாது. உப்பிட்ட நீர்மோர், பானகம், கம்மங்கூழ், நீராகாரம் எல்லாம் நம் பாட்டிமார் கொடுத்த 'குளுக்கோஸ்' அல்லவா? சர்க்கரைக்காரர்களுக்குப் பானகம் வேண்டாம், நீர்மோர் போதும். இதய, சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிறுநீர். இதைத் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டும். வழியில் ஒதுங்க இடமில்லை என்று மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறீர்கள். தலைசுற்றல், நீர்க்கடுப்பு, காய்ச்சல் எல்லாம் அதனால்தான். வழியில் எந்த பெட்ரோல் பங்க், எந்த மண்டபம், எந்த உறவுக்காரர் வீடு என்று கிளம்புமுன்பே வீட்டுக்காரரிடம் பேசி முடிவு செய்யுங்கள். இது வெட்கப்படுகிற விஷயமில்லை. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

இளைப்பு வந்தால் உட்காருங்கள். மணிக்கொரு தரம் பத்து நிமிஷம், காலைச் சற்று உயர்த்தி வைத்து ஓய்வு. அந்த நேரத்தில் ஒருவர் காலை மற்றவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது இது சட்டம்!

நித்திரை? ராத்திரி நடக்கிறவர்கள் அன்று பகலில் மூன்று மணி நேரமாவது தூங்குங்கள். தூக்கக் கலக்கத்தில் கால் ரோட்டுக்குள் போய்விடும். வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, வரிசையாக நடங்கள். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வது நல்லது.

பையில் என்ன இருக்கணும்?

தினசரி மாத்திரைகள், டாக்டர் சீட்டுடன். விரதம் என்று சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பாட்டைக் குறைக்கிறவர்கள் அளவைப் பற்றி டாக்டரைக் கேளுங்கள். திடீரென்று கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் வாயில் போட ஒரு பொட்டலம் கற்கண்டு.

உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலு. இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். உப்பை அதிகமாக்கக் கூடாது. வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து இதுதான். தயிர்ச்சுண்டி சூரணம் எல்லாம் அப்புறம்.

சுத்தமான பருத்தித் துணி, பஞ்சு, பிளாஸ்திரி. கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். புண்ணுக்கு எங்கள் மருத்துவத்தில் மத்தன் தைலம் பேர்பெற்றது. ஆனால் சர்க்கரைக்காரர் கால்புண்ணில் தைலமோ மஞ்சளோ போட்டு மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். கால்வலிக்கு உளுந்துத் தைலத்தை நடந்து முடித்தபின் தேய்த்து, வெந்நீர் விட்டுக் கழுவலாம்.

குழந்தைகள் சட்டைப்பையில் பேர், அப்பா போன் நம்பர் எழுதிய சீட்டு.

போய்ச் சேர்ந்த பிறகு...

ஆபத்து கடைசி மைலில்தான் அதிகம். கோபுரம் தெரிந்ததும் வேகம் வந்துவிடும், தண்ணீர் மறந்துவிடும். அப்படியே நெரிசலில் வரிசையில் நிற்போம். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் நிழலில் அரைமணி உட்கார்ந்து, கால் கழுவி, ஏதாவது குடித்துவிட்டு வரிசைக்குப் போங்கள். அன்னதானத்தில் சூடாக இருப்பதைச் சாப்பிடுங்கள்.

கூட்டத்தில் ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, 'அருள் வந்திருக்கு' என்று விட்டுவிடாதீர்கள். அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடம்பு முழுக்கத் தண்ணீர் நனைத்து விசிறிக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

என் அக்கா இன்றும் வருஷாவருஷம் இருக்கன்குடிக்குப் போகிறாள், பஸ்ஸில்! காலில் மெத்தென்ற செருப்பு. கோயில் வாசலில் கழற்றுவாள். தரிசனம் முடிந்து வந்ததும், சொல்லாமலே காலை என் பக்கம் நீட்டுவாள். "பாத்துக்க தம்பி" என்பாள். நானும் ஒவ்வொரு விரலாகப் பார்ப்பேன். இந்த ஆடிக்கு உங்கள் வீட்டில் யார் காலை, யார் பார்க்கப் போகிறீர்கள்?