குடியேற்ற நாட்டிடம் கெஞ்சிய லண்டன்

1950களின் பிற்பாதியில் இங்கிலாந்தின் லங்காஷயர் துணி மில் முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்த பெயர்கள் மூன்று: இந்தியா, பாகிஸ்தான், ஹாங்காங். 1932இல் ஒட்டாவாவில் போட்ட ஒப்பந்தப்படி, சாம்ராஜ்ய நாடுகளின் துணிக்கு பிரிட்டனில் சுங்க வரி கிடையாது. லண்டன் தானே திறந்து வைத்த அந்த வாசல் வழியாகத்தான் மலிவுத் துணி வந்து குவிந்தது. உலகத்துக்கே துணி விற்ற பிரிட்டன், 1958இல் விற்றதைவிட அதிகமாகப் பருத்தித் துணியை வாங்கியது.

இந்தியாவும் பாகிஸ்தானும் சுதந்திர நாடுகள். ஹாங்காங் அன்று அப்படியல்ல, அதன் கவர்னரை நியமித்ததே லண்டன்தான். ஓர் உத்தரவு போட்டால் வேலை முடிந்திருக்கும். ஆனால் போடவில்லை.

காரணம் கருணை மட்டுமல்ல. சீனாவிலிருந்து வந்த அகதிகளால் ஹாங்காங் பிதுங்கிக்கொண்டிருந்தது. கொரியப் போரை ஒட்டி 1951இல் வந்த ஐ.நா. தடை, சீனாவுடனான பழைய துறைமுக வியாபாரத்தை முடக்கிவிட்டது. மிச்சமிருந்த பிழைப்பு ஆலைதான். அதையும் நெரித்தால் பழியும் செலவும் லண்டன் தலையில் விழும். ஆகவே அரசு ஒதுங்கி நின்று, முதலாளிகளே முதலாளிகளுடன் பேசி 'தாமாக முன்வந்து' கட்டுப்படட்டும் என்றது. லங்காஷயர் தரப்பில் பேசப் போனவர் சர் கத்பர்ட் கிளெக்.

எதிரே உட்கார்ந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பலர் ஷாங்காய் பஞ்சாலைக் குடும்பத்தினர். சீன உள்நாட்டுப் போருக்கு அஞ்சி, ஷாங்காய்க்கென்று ஆர்டர் கொடுத்த இயந்திரங்களையே ஹாங்காங்குக்குத் திருப்பிவிட்ட சாமர்த்தியசாலிகள். ஹாங்காங் கட்டுப்பட்டால்தான் நாங்களும் கட்டுப்படுவோம் என்று இந்தியாவும் பாகிஸ்தானும் சொல்லிவிட்டதால் ஹாங்காங்காரர்கள் கை ஓங்கியது. தேர்தலை நெருங்கிக்கொண்டிருந்த பிரதமர் மேக்மில்லன் அரசுக்கோ லங்காஷயர் தொகுதிகள் முக்கியம்.

இழுபறிக்குப் பிறகு 1959 பிப்ரவரி 1 முதல் மூன்றாண்டுக்கு ஹாங்காங்குடன் உடன்பாடு. ஹாங்காங்குக்கு ஆண்டுக்கு 16.4 கோடி சதுர கஜம், இந்தியாவுக்கு 17.5 கோடி. எந்த ஆலைக்கு எவ்வளவு? முன்பு அனுப்பிய கணக்கைப் பார்த்துப் பங்கு பிரித்தார்கள். பழைய ஆளுக்கு யோகம், புது ஆளுக்குத் திண்டாட்டம். இந்தப் பங்கு, அதாவது கோட்டாவே, காசு பார்க்கும் சரக்கானது.

ஒருமுறை வளைந்தவரை மற்றவர்கள் விடுவார்களா? அதே ஆண்டு அமெரிக்காவும் கட்டுப்பாடு கேட்டு வந்தது. 1961, 1962 பருத்தி ஒப்பந்தங்கள், 1974இல் பல இழை ஒப்பந்தம் என்று வலை விரிந்தது. திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர்கள் 2004 கடைசி வரை கோட்டாவுக்கு அலைந்தது இந்த வலைக்குள்தான்.

லங்காஷயர் பிழைத்ததா? அதே 1959இல் சட்டம் போட்டு, இயந்திரங்களை உடைத்துப்போட அரசே பணம் கொடுத்தது. நூற்புக் கதிர்களில் ஏறத்தாழ பாதி பழைய இரும்புக்குப் போயின. ஹாங்காங்குக்குக் கட்டிய அணையைச் சுற்றிக்கொண்டு போர்ச்சுகல் துணி உள்ளே வந்தது.