போஸ்ட்பெய்டிலிருந்து ப்ரீபெய்டுக்கு மாறப் போறீங்களா? பில்லை விட ரீசார்ஜ் தேதிதான் முக்கியம்



போன பொங்கலுக்கு ரிஷிவந்தியம் போயிருந்தப்ப அப்பாவோட போன் பில்லை முதல் தடவையா உட்கார்ந்து பார்த்தேன். போஸ்ட்பெய்டு. மாசா மாசம் என் பேங்க் கணக்கிலிருந்து ஆட்டோபேல போயிடும். ஊரார் கணக்கையெல்லாம் வரி வரியாப் பார்க்கிற நான், வீட்டு பில்லை ரெண்டு வருஷமாத் திறந்தே பார்க்கல. கடைசி மூணு மாச பில்லை எடுத்தா, ஒரு மாசத்துலயும் அவர் 2 ஜிபி தாண்டல. வீட்டுல ஃபைபர் வைஃபை இருக்கு. அவருக்கு வேண்டியது பேச்சு மட்டும்தான். அதைத்தான் நாள் பூராப் பேசுவார்.

அன்னைக்கே ப்ரீபெய்டுக்கு மாத்திடலாம்னு முடிவு பண்ணினேன். மாத்தவும் செஞ்சேன். அதுல பணம் மிச்சமானது உண்மை. ஒரு இடத்துல நான் சொதப்பினதும் உண்மை. ரெண்டையும் சொல்றேன்.

முதல்ல கணக்கு

போஸ்ட்பெய்டு விளம்பரத்துல போடுற விலையில ஜிஎஸ்டி சேராது. ப்ரீபெய்டு விலையில 18% ஜிஎஸ்டி ஏற்கெனவே உள்ளே இருக்கும். இந்த ஒண்ணைக் கவனிக்காம ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டா தப்பான விடைதான் வரும்.

உதாரணத்துக்கு ஏர்டெல் 2024 ஜூலை விலை உயர்வுல அறிவிச்ச விலைகளை எடுத்துக்குவோம். (விலை அடிக்கடி மாறும். நீங்க கணக்கு போடும்போது அன்னைக்கு ஆப்ல இருக்கிற விலையைப் போட்டுக்குங்க. முறை ஒண்ணுதான்.) போஸ்ட்பெய்டு ஆரம்ப பிளான் ₹449. ஜிஎஸ்டி சேர்த்தா ₹529.82. வருஷத்துக்கு 12 பில், ₹6,358.

ப்ரீபெய்டுல தினம் 1.5 ஜிபி, 28 நாள் பிளான் ₹349. இதை 12-ஆல் பெருக்கினா ₹4,188 வருது, இல்லையா? அங்கேதான் எல்லாரும் ஏமாறுறோம். 28 நாள் ஒரு மாசம் இல்லை. வருஷத்துக்கு 13 ரீசார்ஜ் வரும். அதாவது ₹4,537, அப்பவும் ஒரு நாள் பாக்கி நிற்கும். பதிமூணாவது மாசம்னு ஒண்ணு காலண்டர்ல கிடையாது, ஆனா உங்க பர்ஸ்ல உண்டு.

அதே 1.5 ஜிபி, 84 நாளுக்கு ₹859. ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு பார்த்து 365-ஆல் பெருக்கினா சுமார் ₹3,733. அதனால பிளான் விலையை அப்படியே ஒப்பிடாதீங்க. விலையை நாளால வகுங்க, 365-ஆல் பெருக்குங்க. மொபைல் கால்குலேட்டர்ல பத்து செகண்டு வேலை.

இந்த 28 நாள் விஷயத்துல புகார் நிறைய போய், 2022 ஜனவரியில டிராய் ஒரு உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் வேலிடிட்டி உள்ள பிளானும், மாசா மாசம் ஒரே தேதியில புதுப்பிக்கிற பிளானும் குறைஞ்சது ஒண்ணாவது வெச்சிருக்கணும். அப்படிப்பட்ட பிளான்கள் இருக்கு, ஆனா ஆப்ல முதல் பக்கத்துல வராது. தேடித்தான் எடுக்கணும்.

பேச மட்டும் போன் வெச்சிருக்கிறவங்களுக்கு

எங்க அப்பா மாதிரி ஆளுங்க ஒவ்வொரு வீட்டுலயும் இருக்காங்க. டேட்டா வேண்டாம், ஆனா டேட்டாவோட சேர்ந்த பிளானைத்தான் வாங்கிட்டு இருந்தாங்க. 2024 டிசம்பர்ல டிராய் விதியைத் திருத்தி, கால் மற்றும் எஸ்எம்எஸ் மட்டும் உள்ள ரீசார்ஜையும் கட்டாயம் தரணும்னு சொன்னது. இந்த வகை ரீசார்ஜோட அதிகபட்ச வேலிடிட்டி 90 நாள்னு இருந்ததை 365 நாளாக்கினதும் அதே திருத்தம்தான்.

அதுக்கப்புறம் 2025 ஜனவரியில வந்த விலைகள்: ஏர்டெல்லில் 84 நாள் ₹469, 365 நாள் ₹1,849. ஜியோவில் 84 நாள் ₹448, 336 நாள் ₹1,748. மேல சொன்ன ₹6,358 போஸ்ட்பெய்டோட ₹1,849-ஐ வெச்சுப் பாருங்க. வருஷத்துக்கு ₹4,509 வித்தியாசம். வீட்டுல வைஃபை இருக்கிற வயசானவங்களுக்கு இதை விட நல்ல பிளான் எனக்குத் தெரிஞ்சு இல்லை. வெளியில வாட்ஸ்அப் பார்க்கிறவங்களுக்கும், கடையில யுபிஐ ஸ்கேன் பண்றவங்களுக்கும் இது சரிப்படாது. அவங்களுக்கு வீட்டுக்கு வெளியேயும் டேட்டா வேணும்.

கம்பெனி மாறணுமா, பிளான் மட்டும் மாறினாப் போதுமா?

இது ரெண்டும் வேற வேற வேலை. நிறைய பேர் குழப்பிக்கிறாங்க.

அதே கம்பெனியில போஸ்ட்பெய்டிலிருந்து ப்ரீபெய்டுக்கு மாறினா டவர் மாறாது, சிக்னலும் மாறாது. நம்ம பக்கத்துக்கு இது பெரிய விஷயம். தியாகதுருகத்துலயும் கள்ளக்குறிச்சியிலயும் நல்லா எடுக்கிற சிம், கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைப் பக்கம் போனா பல இடத்துல செத்த மாதிரி கிடக்கும். அப்பா மலைக்கு அடிக்கடி போய் வர்றவர், அங்கே எது எடுக்கும்னு அவருக்கே தெரியும். அதனால கம்பெனியை மாத்தல, பிளானை மட்டும் மாத்தினோம்.

முன்னெல்லாம் இதுக்கே மறுபடி ஃபாரம், போட்டோ, அடையாள அட்டைன்னு அலையணும். 2021 செப்டம்பர்ல தொலைத்தொடர்புத் துறை, ஓடிபி மூலமாவே மாறிக்கலாம்னு அனுமதி கொடுத்தது. ஆப்லயோ ஸ்டோர்லயோ கேட்டா நம்பருக்கு ஓடிபி வரும், பெரும்பாலும் அதே சிம்மே தொடரும்.

கம்பெனியையே மாத்தணும்னா அது போர்ட். ஆங்கிலத்துல போர்ட்னு டைப் பண்ணி, இடைவெளி விட்டு, உங்க நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பணும். 8 எழுத்துல ஒரு கோட் வரும், நம்ம தமிழ்நாட்டுல 4 நாளைக்குத்தான் செல்லும். இப்ப இருக்கிற கம்பெனியில 90 நாள் முடிச்சிருக்கணும், பில் பாக்கி இருக்கக் கூடாது. சமீபத்துல சிம் தொலைஞ்சு புதுசு வாங்கியிருந்தா, 7 நாளைக்குக் கோட் தரமாட்டாங்க. 2024 ஜூலை 1 முதல் இந்த விதி. உங்க நம்பரை வேற யாராவது அபகரிச்சுப் போர்ட் பண்ணிடக் கூடாதுன்னுதான் இந்தத் தடை, அதனால கோபப்படாதீங்க. போன்ல யாராவது அந்தக் கோடைக் கேட்டா மட்டும் சொல்லிடாதீங்க.

போஸ்ட்பெய்டு ஒரு கடன்

இதை ஒரு ஆடிட்டரா சொல்றேன். மளிகைக் கடையில நோட்டுல எழுதி வாங்குற மாதிரி, போஸ்ட்பெய்டு நீங்க வாங்குற கடன். ப்ரீபெய்டுல நீங்கதான் கம்பெனிக்கு முன்பணம் கொடுக்கிறீங்க. கடன் கணக்கை முடிக்காம கடையை மாத்தினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

மாறின அன்னைக்கோடு பில் நின்னுடும்னு நினைக்காதீங்க. அந்தச் சுழற்சிக்கான கடைசி பில் ஒண்ணு பின்னாடி வரும். "நான்தான் மாறிட்டேனே"ன்னு அதை விட்டுடுறவங்க ஜாஸ்தி. போர்ட் பண்ணிட்டுப் பாக்கியைக் கட்டாம விட்டா, பழைய கம்பெனி கேட்டுக்கிட்டதும் புதுக் கம்பெனி உங்க இணைப்பைத் துண்டிக்க விதியில இடம் இருக்கு. இன்னொண்ணும் இருக்கு. சிபில் அறிக்கையில வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு மாதிரியே செல்போன் இணைப்புக்கும் தனியா ஒரு கணக்கு வகை உண்டு. சில நூறு ரூபாய் போன் பாக்கி அங்கே போய் உட்கார்ந்தா, வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அதுக்கு விளக்கம் சொல்லிட்டு நிற்கணும்.

அதனால நான் செஞ்ச வரிசை இது. பில் சுழற்சி முடியறதுக்கு ரெண்டு மூணு நாள் இருக்கும்போது மாத்தினேன், மாச நடுவுல மாத்தினா மீதி நாள் வாடகைக்கு யார் சண்டை போடுறது? கடைசி பில் வந்து, கட்டி, பாக்கி இல்லைன்னு ஆப்ல பார்த்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சேன். அதுக்கப்புறம்தான் ஆட்டோபேயை ரத்து செஞ்சேன். முன்னாடியே ரத்து செஞ்சா கடைசி பில் தவறிடும். ரத்தே செய்யாம விட்டா, என்னைக்கோ ஒரு நாள் எதுக்குன்னே தெரியாம பணம் போகும். இணைப்பு வாங்கும்போது டெபாசிட் கட்டியிருந்தீங்கன்னா அதையும் கேட்டு வாங்குங்க. நீங்க கேட்காம அது ஞாபகத்துக்கு வராது.

ஃபேமிலி பிளான்ல இருக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும். முதன்மை நம்பரை மாத்தினா அதோட சேர்ந்த நம்பர்களுக்கு என்ன ஆகும்னு முதல்ல எழுத்துல கேளுங்க. அம்மா கையில இருக்கிற சிம் யார் பேர்ல இருக்குன்னும் பாருங்க. சஞ்சார் சாத்தி இணையதளத்துல உங்க பேர்ல எத்தனை இணைப்பு இருக்குன்னு காட்டும்.

போனையே தவணையில வாங்கினவங்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவுல இருக்கிற நம்மாளுங்க சொல்ற ரெண்டு வருஷ ஒப்பந்தம், போனும் சிம்மும் ஒண்ணா வர்றது, இங்கே பெருசா நிலைக்கல. 2003-ல் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் ₹501 கட்டினா போன் கையில, மீதி மாசா மாசம்னு ஒரு திட்டம் கொண்டு வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். இன்னைக்கு போன் தவணை ஒரு பக்கம், சிம் ஒரு பக்கம். நீங்க ப்ரீபெய்டுக்கு மாறினாலும் போன் தவணை அப்படியே ஓடும்.

நான் சொதப்பின இடம்

அப்பாவுக்கு முதல்ல 84 நாள் ரீசார்ஜ்தான் போட்டேன். வருஷ பிளானைப் போடாம, பார்த்துக்கலாம்னு ஒரு எண்ணம். 84 நாள்ங்கிறது ஒரு வசதியில்லாத நம்பர். மூணு மாசமும் இல்லை, தேதியும் ஞாபகத்துல நிற்காது. நினைவூட்டல் மெசேஜ் எல்லாம் அப்பா போனுக்கு வந்திருக்கு. அவர் மெசேஜே பார்க்க மாட்டார், வைஃபைல வாட்ஸ்அப் கால் வேலை செய்யறதால எனக்கும் சந்தேகம் வரல.

வேலிடிட்டி முடிஞ்சு ரெண்டு வாரத்துக்கு மேல ஆகிப்போச்சு. ஒரு நாள் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த பையன் வாசல்ல நின்னு "ஐயா, போன்ல வந்த கோட் சொல்லுங்க"ன்னு கேட்கிறான். கோட் எங்கே வரும்? இன்கமிங்கே நின்னு போச்சு. அப்பா எனக்கு வாட்ஸ்அப்ல கூப்பிட்டு, "ஏம்பா, பில் கட்டலையா?"ன்னு கேட்டார். பில்லே இல்லப்பா, அதான் பிரச்சினைன்னு சொல்ல வாய் வரல.

யோசிச்சுப் பாருங்க. போஸ்ட்பெய்டுல மறந்தா தாமதக் கட்டணம், நாலு தடவை கஸ்டமர் கேர் கால். ப்ரீபெய்டுல மறந்தா ஓடிபி நிற்கும். அந்த நம்பர்லதான் பேங்க், ஆதார், கேஸ், யுபிஐ எல்லாம் இருக்கு. மிச்சம் பிடிச்ச ₹4,500-ஐ விட அந்த நம்பரோட மதிப்பு ஜாஸ்தி.

நம்பர் உடனே போயிடாது. டிராய் 2013-ல் போட்ட விதிப்படி, 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாம இருந்தாத்தான் ப்ரீபெய்டு நம்பரைத் துண்டிக்கலாம். கணக்குல ₹20 இருந்தா அதைக் கழிச்சுட்டு இன்னும் 30 நாள் நீட்டிக்கணும். ஆனா நம்பர் உயிரோட இருக்கிறதும், ஓடிபி வர்றதும் வேற வேற. ஒரேயடியா துண்டிச்சுட்டா, 90 நாளுக்கு அப்புறம் அதே நம்பர் வேற ஒருத்தர் கைக்குப் போகலாம். அப்ப உங்க பேங்க் ஓடிபி யாருக்கு வரும்?

இப்ப அப்பாவுக்கு 365 நாள் ரீசார்ஜ். முடியற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி என் போன்லயும் தம்பி போன்லயும் அலாரம். வீட்டுக் காலண்டர்ல அப்பாவும் ஒரு வட்டம் போட்டிருக்கார். என்னை நம்பல.

மாறக் கூடாதவங்க

ஜிஎஸ்டி பதிவு வெச்சுத் தொழில் பண்றவங்க அவசரப்படாதீங்க. உங்க ஜிஎஸ்டி எண்ணோட போஸ்ட்பெய்டு பில் வந்தா, அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியா எடுத்துக்கலாம், ஆக உங்களுக்கு ₹449 பிளான் ₹449 தான். கடையில போடுற ப்ரீபெய்டு ரீசார்ஜுக்கு அப்படி ஒரு பில் கையில வராது. சம்பளக்காரங்க, ஆபீஸ் போன் பில்லைத் திருப்பித் தருதுன்னா எச்ஆர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. பல ஆபீஸ்ல போஸ்ட்பெய்டு பில்லைத்தான் ஏத்துக்கிறாங்க. உங்க நம்பர் கம்பெனி பேர்ல இருந்தா, போர்ட் பண்ண அவங்க கடிதமும் வேணும்.

மாறிட்டு சரிப்படலைன்னாலும் பயமில்லை. திரும்பி போஸ்ட்பெய்டுக்கு ஓடிபி மூலமா போக முன்னாடி 90 நாள் காத்திருக்கணும். 2025 ஜூன்ல தொலைத்தொடர்புத் துறை முதல் தடவைக்கு அதை 30 நாளாக் குறைச்சிருக்கு. மாத்துற வேலையில கம்பெனி இழுத்தடிச்சா 198-க்குப் போன் பண்ணுங்க. அது புகாருக்கான இலவச எண். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வெச்சுக்குங்க.