துப்பாக்கி பேசாது, மகஜர் பேசும்

(கூண்டும் குறுக்கு விசாரணையும் – 14)

1911 ஜூன் 17, காலை பத்தரை தாண்டியிருந்தது. மணியாச்சி ஜங்ஷனில் நின்ற ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், கொடைக்கானல் போவதற்காக மனைவியோடு உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் ஏறிய வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுவிட்டு, பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஆயுதம் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். சட்டைப் பையில் காரணம் சொல்லும் கடிதம்.

வக்கீல் கண்ணோடு பார்த்தால் வழக்கு அந்தக் கழிப்பறையிலேயே முடிந்துவிட்டது. சுட்டவர், ஆயுதம், வாக்குமூலம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. செத்தவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் அதற்குப் பிறகுதான் நீலகண்ட பிரம்மச்சாரி முதலாக பதினான்கு பேர் சென்னை உயர்நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். மணியாச்சியில் சுட்டது அவர்களில் ஒருவருமில்லை. முதல் எதிரியான நீலகண்டர் கொலை நடந்தபோது இந்த மாகாணத்திலேயே இல்லை.

இந்தக் கதையின் பாதி நடந்தது புதுச்சேரியில். வாஞ்சி, புனலூர் வனத்துறை வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு 1911 தொடக்கத்தில் இங்கே வந்தார். கரடிக்குப்பத்தில் வைத்து அவருக்குக் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுத்தவர் வ.வே.சு. ஐயர் என்பது வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட செய்தி. ஐயரே சட்டம் படித்தவர். திருச்சியில் வக்கீல் தொழில் பார்த்துவிட்டு, லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டருக்குப் படித்து, அந்தப் பட்டத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு 1910-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். பிரிட்டிஷ் இந்தியாவில் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருந்தால் சிறை. அந்தச் சட்டம் பிரெஞ்சு எல்லைக்கல்லோடு நின்றுவிடும். பிரிட்டிஷ் வாரண்டும் அப்படியே. அதனால் பாரதி, அரவிந்தர், ஐயர் எல்லோரும் இந்த ஊர்த் தெருக்களில் நடமாட, பிரிட்டிஷ் சி.ஐ.டி. ஆட்கள் மாறுவேடத்தில் பின்னாலேயே நடக்கவேண்டியிருந்தது.

சரி, கையில் துப்பாக்கியில்லாத பதினான்கு பேரை எதை வைத்துப் பிடித்தார்கள்? அப்ரூவர்களை வைத்து. ஆறுமுகம் பிள்ளை, சோமசுந்தரம் பிள்ளை என்ற இருவர் அரசுத் தரப்புக்கு மாறினார்கள். காளி படத்துக்கு முன்னால் சத்தியம், குங்கும நீரைக் குடித்துச் செய்த சபதம் என்று, இவர்கள் சேர்ந்திருந்ததாகச் சொல்லப்பட்ட ரகசிய சங்கத்தின் கதை முழுவதும் அவர்கள் வாய்வழியாகவே கோர்ட்டுக்கு வந்தது. போலீஸ் கையில் சிக்குவதற்கு முன்பே இரண்டு பேர் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கேட்டுச் சரிபார்க்கவும் வழியில்லை.

அந்த நாளில் இந்த எதிரிகளுக்காகக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கத் துணிச்சல் வேண்டும். கொல்லப்பட்டவர் வெள்ளைக்கார கலெக்டர். விசாரிப்பது தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட் தலைமையில் மூன்று பேர் கொண்ட தனி அமர்வு. எதிரிகள் தரப்பில் நின்றவர்களில் ஒருவர் இளம் பாரிஸ்டர் தங்குதூரி பிரகாசம். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பிரதமராகவும், 1953-இல் ஆந்திராவின் முதல் முதலமைச்சராகவும் ஆனவர் அவர்தான். பிஸ்டலைப் பற்றிச் சண்டை போட எதிர்த்தரப்புக்குத் தேவையே இல்லை. அது வாஞ்சியின் பிஸ்டல், யாரும் மறுக்கவில்லை. சண்டையெல்லாம், அந்த பிஸ்டலிலிருந்து கூண்டில் நிற்கும் ஆள்வரை இழுத்துக் கட்டிய கயிற்றைப் பற்றித்தான். கயிறு திரித்தவர்கள் அப்ரூவர்கள். தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறவன் பேச்சை வேறு சாட்சியம் தாங்கிப் பிடிக்காமல் நம்பலாமா?

1912 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒன்பது பேருக்குத் தண்டனை, ஐந்து பேர் விடுதலை. நீலகண்டருக்கு ஏழு ஆண்டு, இன்னொரு எதிரியான சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு. மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. கலெக்டர் கொலையில் ஒருவர்கூடத் தூக்குமேடை ஏறவில்லை. அப்ரூவர் சாட்சியத்துக்கு எவ்வளவு ஊன்றுகோல் வேண்டும் என்ற கேள்வி அப்பீலாக மறுபடி உயர்நீதிமன்றத்தின் பெரிய அமர்வுக்குப் போனது. சட்டப் புத்தகங்களில் இன்றும் இருக்கிற விவாதம் அது. வேடிக்கை என்னவென்றால், 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு, கூட்டாளியின் சாட்சியத்துக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் தண்டனை செல்லும் என்றே சொல்லிவந்தது. கோர்ட்டுகள்தான் அதை அப்படியே ஏற்காமல், ஆதாரம் கேட்டுக் கேட்டுப் பழக்கப்படுத்தின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 138-ஆவது பிரிவு, ஆதாரத்தோடு கூடிய சாட்சியம் என்று எழுத்திலேயே மாற்றிவிட்டது. ஆஷ் வழக்கின் வக்கீல்கள் கத்திக் கத்திக் கேட்டது, நூறு வருஷத்துக்கு மேல் கழித்துச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது.

புதுச்சேரிக்கு இதிலே இன்னொரு பாடம் உண்டு. ஆஷ் கொலைக்குப் பிறகு ஐயர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு ஜாடி வெளியே வந்தது. உள்ளே ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள், காளி படம். யாரோ போட்டது. வீட்டில் இருப்பதை எடுத்து எரித்துவிடலாமா என்ற யோசனை எழாமலா இருந்திருக்கும்? பாரதி வேறு வழி சொன்னார்: நாமே கொண்டுபோய் பிரெஞ்சு போலீசிடம் கொடுத்துவிடுவோம். கொடுத்தார்கள். இதற்கிடையில் மயூரேசன் என்ற உளவாளி, சுதேசிகள் வீட்டில் சதிக் காகிதங்கள் இருப்பதாகப் புகார் செய்தான். பிரெஞ்சு விசாரணை மாஜிஸ்திரேட் சோதனைக்குப் போனார். அரவிந்தர் வீட்டில் அவர் கண்டது கிரேக்க, லத்தீன் புத்தகங்கள். சோதனைக்குப் போனவர் மரியாதையோடு திரும்பினார். புகார் கொடுத்த மயூரேசன் பிரிட்டிஷ் எல்லைக்கு ஓடிவிட்டான். வைத்துப் பிடிப்பது என்று இன்றைக்கு வக்கீல்கள் சொல்கிறார்களே, அதற்கு இந்த ஊரில் நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியின் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் முடிந்தது. 1963 அக்டோபரில் இந்திய தண்டனைச் சட்டமும் குற்ற நடைமுறைச் சட்டமும் இங்கே வந்தன. எல்லைக்கல் போயிற்று. இன்று புதுச்சேரியில் ஆயுத வழக்கென்றால் பெரும்பாலும் பிஸ்டல் இல்லை. நாட்டு வெடிகுண்டும் வீச்சரிவாளும். 2017 ஜனவரியில் காரைக்கால் நிரவியில் முன்னாள் அமைச்சர் வி.எம்.சி. சிவக்குமார் வெடிகுண்டு வீசி வெட்டிக் கொல்லப்பட்டார். 2023 மார்ச்சில் வில்லியனூரில் ஒரு பா.ஜ.க. பிரமுகர் அதே விதமாகக் கொல்லப்பட, வழக்கு தேசிய புலனாய்வு முகமைக்குப் போனது. இப்படிப்பட்ட ஊரில் போலீஸ் ஆயுதம் தேடித்தான் ஆகவேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்தத் தேடலில் மாட்டுகிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஆயுதம் வைத்திருந்தவர்கள் என்பதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் எதிர்த்தரப்பு வக்கீல்.

கடலூர் சாலை கோர்ட் வளாகத்தில் ஒரு கத்தி வழக்கின் கட்டை எடுத்துப் பிரித்தால் மேலே இருப்பது மகஜர், அதாவது சாட்சிகள் முன்னால் எழுதிய பறிமுதல் பதிவு. ரோந்து போனபோது ரகசியத் தகவல் கிடைத்தது, போலீசைப் பார்த்ததும் ஓடப் பார்த்தார், மடக்கிப் பிடித்துச் சோதனையிட்டதில் இடுப்பில் கத்தி இருந்தது: இந்த வரிகள் எழுதிவைத்த அச்சுபோல எல்லாக் கட்டிலும் வரும். நல்ல வக்கீல் இதைப் படிப்பதற்கு முன் நேரத்தைப் பார்ப்பார். மகஜரில் எழுதிய நேரம் என்ன, எஃப்.ஐ.ஆர். பதிவான நேரம் என்ன? எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் எழுதிய மகஜரில் குற்ற எண் எப்படி வந்தது? பிறகு சாட்சிகள். அந்த இரண்டு பேர் அந்தத் தெருவில் குடியிருக்கிறவர்களா, இல்லை ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டு எல்லா வழக்குக்கும் கையெழுத்துப் போடுகிறவர்களா? கத்தியை அளந்தார்களா? சீல் வைத்தார்களா? எப்போது கோர்ட்டுக்கு அனுப்பினார்கள்?

அளவு முக்கியம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திதான் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்த கருவிகள் வராது. அதற்கும் மேலே, ஆயுதச் சட்டம் 4-ஆவது பிரிவு, அந்தப் பகுதிக்கு மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டிருந்தால் மட்டுமே கத்திக்கு லைசென்ஸ் கேட்கும். இளநீர் சீவுகிறவனுடைய அரிவாளும், பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் துண்டு போடுகிறவள் கத்தியும் எந்தப் பிரிவிலும் வரக்கூடாது. ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கடையை மூடிவிட்டு அந்த அரிவாளோடு சைக்கிளில் போகிறவனைப் பிடித்தால், பிரிவு என்ன என்பதைப் பார்க்க வக்கீல்தான் வேண்டும்.

துப்பாக்கி என்றால் கதை கடுமை. 2019-இல் திருத்தியபிறகு, லைசென்ஸ் இல்லாத சாதாரணத் துப்பாக்கிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து. தடைசெய்யப்பட்ட ரகமென்றால் ஏழிலிருந்து பதினான்கு. சில கோர்ட்டுகளில் காதில் விழுகிற ஒரு ஆலோசனை உண்டு: ஒத்துக்கொண்டுவிடு தம்பி, ஃபைன் கட்டிவிட்டுப் போய்விடலாம். அந்தத் தம்பிக்குத் தெரியாது, இந்தப் பிரிவில் ஃபைன் மட்டும் என்ற கதவே கிடையாது. தனிக் காரணம் எழுதி நீதிபதி குறைத்தாலும் தண்டனை தண்டனைதான். நாளைக்கு ரவுடி பட்டியலும் பாஸ்போர்ட் விசாரணையும் அவன் வீட்டு வாசலில் நிற்கும். இப்படி ஆலோசனை சொல்கிறவரை வக்கீல் என்று நான் சொல்லமாட்டேன்.

துப்பாக்கி வழக்கைத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும், 39-ஆவது பிரிவு. வெடிபொருள் வழக்கிலும் அதே அனுமதி, 1908-ஆம் ஆண்டு சட்டத்தின் 7-ஆவது பிரிவு. அந்த அனுமதி உத்தரவை எதிர்த்தரப்பு கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். ஆயுதத்தையே பார்க்காமல், ஆய்வுக்கூட அறிக்கை வருவதற்கு முன் போட்ட கையெழுத்தென்றால் கேள்வி எழுப்பலாம்.

வைத்திருந்தது என்பதற்கும் அர்த்தம் உண்டு. அண்ணன் தம்பியின் பைக்கை வாங்கிக்கொண்டு போகிறார், சீட்டுக்கடியில் கத்தி. அண்ணனுக்கு அது இருப்பது தெரியுமா? 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலும், 1994-இல் சஞ்சய் தத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது, தெரிந்து வைத்திருந்தால்தான் வைத்திருந்தது. சஞ்சய் தத்துக்கு அது கடைசியில் உதவவில்லை. தெரிந்தே வைத்திருந்தார் என்று 2013-இல் ஐந்து ஆண்டு உறுதியானது. ஆனால் சீட்டுக்கடியில் என்ன இருந்தது என்று தெரியாத அண்ணனுக்கு இன்றும் அந்த வரிதான் துணை.

அடுத்தது, எடுத்துக்கொடுத்தார் என்ற வாக்குமூலம். அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பக்கத்தில் ஒரு கிராமச் சண்டை. ஈட்டியால் குத்தினேன், ஈட்டியை ஒளித்துவைத்திருக்கிறேன், வாருங்கள் காட்டுகிறேன் என்கிற ரீதியில் போலீசிடம் ஒருவர் சொன்னதாகப் பதிவு. புலுகுரி கோட்டய்யா வழக்கு என்று 1947-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. லண்டன் பிரிவி கவுன்சில் அந்த வாக்குமூலத்தைக் கத்தரித்தது: இந்த இடத்தில் ஈட்டி இருப்பது இவருக்குத் தெரியும், அவ்வளவுதான் சாட்சியம், குத்தினேன் என்பது போலீசிடம் சொன்ன ஒப்புதல், அது செல்லாது. இன்றைக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆவது பிரிவிலும் அதே கத்தரிக்கோல்தான். முழு வாக்குமூலத்தையும் சான்று ஆவணமாகக் குறிக்க விட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கிற வக்கீல், தன் கட்சிக்காரர் கையில் ஈட்டியைத் தானே கொடுத்துவிடுகிறார்.

புதிய குற்ற நடைமுறைச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 105-ஆவது பிரிவின்படி, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவேண்டும். செல்போனில் எடுத்தாலே போதும். கிணற்று ஜாடிக்காலத்தில் இது இருந்திருந்தால் மயூரேசன் பிழைப்பு என்னவாகியிருக்கும்! பதிவு இல்லாத வழக்கில், ஏன் இல்லை என்ற கேள்வியோடுதான் குறுக்கு விசாரணை தொடங்கவேண்டும்.

இவர்களுக்கெல்லாம் ஏன் வாதாடுகிறீர்கள் என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்கு ஒரு செய்தி. கோவையில் வழக்கறிஞர் சங்கம், வக்கீல்களோடு மோதலில் சிக்கிய போலீஸ்காரர்களுக்கு யாரும் வாதாடக்கூடாது என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் செல்லாது, தொழில் தர்மத்துக்கே விரோதம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மும்பை தாக்குதல் வழக்கில் அஜ்மல் கசாபுக்கும் அரசு வக்கீல் வைத்துக்கொடுத்தது. 2012 தீர்ப்பில், முதலில் ஆஜர்படுத்தும்போதே வக்கீல் உரிமையைச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று எழுதினார்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் கவலை வேண்டாம். காவலில் இருக்கிற எவருக்கும், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்று தேவையில்லை. வீட்டில் யாரையாவது ஆயுத வழக்கில் பிடித்துக்கொண்டு போனால், அன்றைக்கே 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைய அலுவலகத்துக்குப் போங்கள். காலாப்பட்டு சிறைக்குப் போய்ச் சேர்ந்தபிறகு அல்ல, ரிமாண்டுக்கு முன்பே. படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.

(அடுத்த வாரம்: ஜாமீன் மனுவில் எழுதக்கூடாதவை)