முதற்பொருளிலிருந்து முதலுக்கு: குந்தாரப்பள்ளி வட்டாரத்தில் மூலதனமும் இயற்கையும்

ஆய்வுச் சுருக்கம்

நிலம், பாறை, நீர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றைத் தனித்தனிச் சரக்குகளாகப் பிரித்துக் கணக்கிட்ட மூலதனத்தின் போக்கு, கிருஷ்ணகிரி – ஒசூர் வட்டாரத்தின் இயற்கையை எவ்வாறு மாற்றியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாராமகால், இரயத்துவாரி, கருங்கல், தென்பெண்ணை, வளர்சிதைப் பிளவு.

முன்னுரை

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது. மரம், விலங்கு, தொழில் முதலியன அதனைச் சார்ந்த கருப்பொருள்கள். இன்றைய வழக்கிலோ ‘முதல்’ என்பது வணிகத்தில் இடும் பணத்தையே பெரிதும் குறிக்கிறது. விற்பதற்காக உருவாக்கப்படாத நிலம் சந்தைப் பொருளாகக் கருதப்படுவதால், கார்ல் பொலானி (1944) அதனைக் ‘கற்பனைச் சரக்கு’ என்றார்.

நெடுஞ்சாலையை ஒட்டிய குந்தாரப்பள்ளியில் வெள்ளிதோறும் கூடும் சந்தைக்கு ஆடுமாடுகள் வருகின்றன. வாரச்சந்தை என்னும் அமைப்பு முதலாளியத்திற்கு முந்தையது. ஆகவே வாங்கல் விற்றல் மட்டும் இங்குச் சிக்கலாகாது. அக்கால்நடைகளை வளர்க்கும் மேய்ச்சல் நிலமும் ஏரிநீரும் சரக்காவதே ஆய்வுக்குரியது.

நிலம்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவரின்கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் வயல்களை அளந்து வரி விதித்தனர். பின்னர்ச் சென்னை மாகாணத்தில் பரவிய இரயத்துவாரி முறைக்கு இதுவே தொடக்கம். இம்முறையில் ஒவ்வொரு நிலமும் தனித்த எண்ணும் தீர்வையும் பெற்றது. வருவாய் தராத மேய்ச்சல் வெளியும் நீர்வழியும் ‘புறம்போக்கு’ ஆயின. ஊரின் பொதுவாழ்வுக்கு அகமாக இருந்த நிலம், கணக்கேட்டில் புறமாயிற்று. பிற்காலத்தில் பொதுநிலங்கள் பிற பயன்பாடுகளுக்கு எளிதில் மாற்றப்பட இவ்வகைப்பாடு வழிவகுத்தது.

பாறை

இவ்வட்டாரத்தின் பாறைக்குன்றுகள் மழைநீரைச் சரிவுவழி ஏரிகளுக்கு அனுப்புபவை. மல்லசந்திரம் போன்ற இடங்களில் பெருங்கற்காலக் கல்திட்டைகளைத் தாங்கி நிற்பவையும் அவையே. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் (1959) கல்லெடுப்பைக் குத்தகைக்குரியதாக வரையறுக்கின்றன. ஏற்றுமதிச் சந்தை விரும்புவது விரிசலற்ற, ஒரே நிறமுடைய பெருங்கற்களை. ஏனையவை கழிவுக்கல்லாகக் குவிக்கப்படுகின்றன. அக்குவியல் ஓடைவழியை மறித்தால் ஏரிக்கு வரும் நீர் குறைகிறது. கல்லின் விலையில் இவ்விழப்பு சேர்வதில்லை.

நீர்

1971இல் நிறுவப்பட்ட சிப்காட்டின் தொடக்ககால வளாகங்களுள் ஒசூரும் ஒன்று. பெங்களூருவின் அண்மை அதன் வளர்ச்சிக்குத் துணைநின்றது. அதே அண்மையால் பெருநகரின் கழிவுநீரும் இவ்வட்டாரத்தை அடைகிறது. 1974 முதல் பெங்களூரு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரிநீரை இறைத்துப் பயன்படுத்துகிறது. பயன்படுத்திய நீரில் ஒரு பகுதி பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் கலக்கிறது. ஓர் ஆற்றின் நன்னீர், மற்றோர் ஆற்றின் கழிவாகிறது.

சலவைப்பொருள்களின் வேதிக்கூறுகள் கலந்த நீர், கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் விழுந்து கலங்கும்போது நுரை பொங்குகிறது. அந்நீரே பாசனக் கால்வாய்களிலும் செல்கிறது. நகருக்குச் செல்லும் விளைபொருளின் சத்து மண்ணுக்குத் திரும்பாமையை மார்க்சு ‘மூலதனம்’ நூலின் முதல் தொகுதியில் (1867) சுட்டினார். ஜான் பெல்லமி ஃபாஸ்டர் இதனை வளர்சிதைப் பிளவு என விரித்துரைத்தார். இங்கே பிளவு நீரில் நிகழ்கிறது. சத்து திரும்புகிறது, ஆனால் நஞ்சுடன், வேறோர் ஆற்றுப்படுகையின் உழவரிடம்.

2018 முதல் பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீரில் ஒரு பகுதி கோலார் ஏரிகளுக்குத் திருப்பப்படுகிறது. நேற்றைய கழிவு இன்று வளமாகக் கணக்கிடப்படுகிறது. கீழ்ப்படுகைக்கு எவ்வளவு நீர், எத்தகைய நீர் வரும் என்பதை மேற்படுகையின் தேவையே தீர்மானிக்கிறது.

முடிவுரை

நிலத்தை எண்ணாகவும், பாறையைக் கனஅளவாகவும், நீரைக் குழாய்வழிச் சரக்காகவும் பிரித்ததே இவ்வட்டாரத்தில் மூலதனம் ஆற்றிய அடிப்படை மாற்றம். பிரித்தவற்றை ஓடும் நீர் மீண்டும் இணைத்துவிடுகிறது. இழப்பு கீழ்ப்படுகை உழவரையும் கால்நடை வளர்ப்போரையும் சேர்கிறது. எனவே தொழில்வளாகமோ கல்குவாரியோ அமையுமிடத்து, அதன் விளைவைப் புல எண்ணின் எல்லைக்குள் மட்டும் மதிப்பிடுவது போதாது. ஆற்றுப்படுகை முழுவதையும் அலகாகக் கொள்ளும் மதிப்பீடே பொருந்தும்.