தூக்குக்குண்டும் நீர்க்குழாயும்

குளியலறைச் சுவரில் பளபளக்கும் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். அடியிலுள்ள பூச்சு மேடுபள்ளமாக இருந்தால் என்ன ஆகும்? ஓட்டின் பின்னே வெற்றிடம் தங்கும். தட்டினால் 'டொக்' என்று ஒலிக்கும். நாளடைவில் ஓடு பெயர்ந்து விழலாம். ஆகவே ஓடு பதிக்குமுன் கொத்தனார் சுவரைச் சோதிக்கிறார். அவருடைய கருவிகள் இரண்டும் இயற்பியல் பாடங்களே!

முதலாவது தூக்குக்குண்டு. இதன் நூலில் கோத்த கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் சமம். கட்டையைச் சுவரின் மேற்பகுதியில் வைத்துக் குண்டைத் தொங்கவிட்டால், புவியீர்ப்பினால் நூல் செங்குத்தாக நிற்கும். குண்டு சுவரை இலேசாகத் தொட்டால் சுவர் நேர். விலகி நின்றால் கீழ்ப்பகுதி உள்வாங்கியுள்ளது என்று பொருள். அங்கே சாந்து பூசி நிரப்ப வேண்டும். ஒரேயடியாகத் தடிமனாகப் பூசினால் சாந்து தன் எடையாலேயே சரியும். எனவே மெல்லிய பூச்சுகளாகப் பூசுவர்.

இரண்டாவது, நீர் நிரப்பிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய். இரு முனைகளும் திறந்திருந்தால் இரண்டிலும் காற்றழுத்தம் சமம். நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இதைக்கொண்டு நான்கு சுவர்களிலும் முதல் வரிசைக்கான கோட்டைக் குறிக்கலாம். ஆனால் எச்சரிக்கை! நிமிர்ந்த பகுதியை 2 செ.மீ. நீளக் காற்றுக்குமிழி அடைத்தால், அப்பக்க நீர்மட்டம் சுமார் 2 செ.மீ. உயர்ந்துவிடும். கோடு சாயும், ஓடுகளும் சாயும்.

ஷவர் உள்ள சுவருக்கு இன்னொரு காப்பும் தேவை. ஓடுகளுக்கு இடையிலுள்ள சாந்து, நுண்புழைக் கவர்ச்சியால் நீரை உறிஞ்சும். எனவே பூச்சின்மேல் நீர்புகாப் பூச்சு பூசி, உலர்ந்தபின்பே ஓடு பதிக்க வேண்டும்.

ஒரு நூலில் சாவியைக் கட்டி உங்கள் வீட்டுச் சுவரைச் சோதித்துப் பாருங்களேன்!